ஒன்பது மில்லிமீட்டர் பாதையில் ஒரு கோச்சி

டொரண்டோவில் இருப்பவர்களுக்கு இது காலைத் தேநீர் நேரம், மெல்பேர்னில் நள்ளிரவு. நான் இரவு ஷிப்ட் முடித்து நான்கு மணிநேரம் தூங்கிவிட்டு வந்திருக்கிறேன், கொட்டாவி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மேடையில் வழக்கமாக நாவல், கவிதை, மொழிபெயர்ப்பு பற்றித்தான் பேசுவோம். நான் இன்று இரண்டு பொழுதுபோக்குகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒன்று, விரல் உயரப் பூதங்களுக்கும் போர்வீரர்களுக்கும் வர்ணம் பூசுவது. இன்னொன்று, நரோ கேஜ் ரயில்களைச் சிறிய அளவில் செய்வது. "வளர்ந்த ஆட்களுக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்பவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. என் மாமியார் தொலைபேசியில் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து பேய்க்குச் சாயம் அடிக்கிறியாம்மா?" ஆமாம் மாமி, அதைத்தான் செய்கிறேன்.

பேயிலிருந்தே தொடங்குகிறேன். பொம்மைப் படைகளை வைத்து விதிமுறையோடு விளையாடுவது பிரிட்டனில் பழைய பழக்கம். எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று இதற்காக ஒரு சிறிய புத்தகமே எழுதினார். வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்குப் படையெடுத்து வந்த கதையை எழுதிய அதே வெல்ஸ்தான். இன்று நம் பிள்ளைகள் கடைத்தெருவில் இழுத்துக்கொண்டு போகும் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1975இல் லண்டனில் தொடங்கியது, பிறகு நொட்டிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தது. 1983இல் அவர்கள் வெளியிட்ட விளையாட்டுதான் வார்ஹாமர். குள்ளர்கள், எலும்புக்கூட்டுப் படைகள், பச்சைத்தோல் ஓர்க்குகள், மந்திரவாதிகள் எல்லாம் அதில் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் என் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பெட்டி வந்தது. அவன் விளையாடுவதைவிட வர்ணம் பூசுவதே அதிகம். அவனோடு உட்கார்ந்து நானும் பழகிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டத்தில் கை வேறு, கால் வேறு, தலை வேறாக இருக்கும். வெட்டி எடுத்து, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஒட்டி, அடிப்பூச்சு அடிக்க வேண்டும். அந்தக் கோட்டைச் சுரண்டுவதுதான் சலிப்பான வேலை, அதைத் தவிர்க்காதவர்களின் பொம்மைதான் கடைசியில் அழகாக இருக்கும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் அதன் அடிப்படை நிறம். வர்ணத்தைத் தண்ணீர் சேர்த்துப் பால்போல் இளக்கி, ஒரு பூச்சுக்குப் பதில் இரண்டு மூன்று பூச்சு கொடுக்க வேண்டும். கெட்டியாகப் பூசினால் முகத்தின் மூக்கும் வாயும் மெழுகிவிடும்.

இதுவரை யாரும் செய்யலாம். இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு ஆச்சரியம் தந்தது. நிறங்களைச் சரியாகப் பூசி முடித்த வீரனை மேசையில் வைத்தால் அவன் உயிரில்லாமல் தட்டையாகத் தெரிவான். சிவப்பு மேலங்கி சிவப்பாகத்தான் இருக்கிறது, மடிப்புகளும் அச்சில் வந்திருக்கின்றன. ஆனால் கண்ணுக்கு அது துணியாகத் தெரியாது.

காரணம் வெளிச்சம். உங்கள் தோளில் கிடக்கும் சேலையின் மடிப்பில் ஓர் அங்குல ஆழம் இருக்கலாம், அதற்குள் உண்மையான நிழல் விழும். பொம்மையின் மடிப்பில் அரை மில்லிமீட்டர்கூட ஆழம் இல்லை. அறையின் விளக்கு அதற்குள் தாராளமாகப் புகுந்துவிடும். ஆளைச் சிறிதாக்கிவிட்டோம், அறையின் வெளிச்சத்தைச் சிறிதாக்க முடியவில்லை. ஆகவே விழாத நிழலை நாமே பூச வேண்டும். மடிப்பின் பள்ளங்களில் ஓடிப்போய்த் தங்கும்படி நீர்த்த அடர்நிறம் ஒன்றை ஊற்றுவார்கள், அதற்கு வாஷ் என்று பெயர். மேட்டில் வெளிர்நிறம். துணியில் துடைத்து ஏறக்குறையக் காயவைத்த தூரிகையால் மேலோட்டமாக உரசினால் முனைகள் மட்டும் நிறம் பிடிக்கும், விலங்கு ரோமத்துக்கும் கல்லுக்கும் அது பொருந்தும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, அந்த முடிவுக்குக் கடைசிவரை விசுவாசமாக இருக்க வேண்டும்.

தாதியர் டிப்ளோமா படித்தபோது குழந்தைகள் வார்டுக்குப் போகுமுன் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று: குழந்தையைச் சின்ன அளவிலான பெரியவர் என்று நினைக்காதே. பெரியவருக்குக் கொடுக்கும் மருந்தை உயரத்துக்கு ஏற்றபடி வெட்டிக் கொடுத்துவிட முடியாது. குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரிது, தோலின் பரப்பும் எடையோடு ஒப்பிடும்போது அதிகம், அதனால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். சிறிதாகும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் சிறிதாவதில்லை. மினியேச்சர் மேசையில் இதே பாடத்தைத்தான் மறுபடி படித்தேன்.

கை நடுங்காமல் கண்ணில் கறுப்புப் புள்ளி வைப்பது எப்படி என்று மகனின் நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள். வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தி வைத்துக்கொண்டு, சுண்டுவிரலை எங்காவது ஊன்றி, மூச்சை வெளியே விடும்போது தூரிகையைத் தொட வேண்டும். மெல்லிய நரம்பில் ஊசி ஏற்றும்போதும் என் கை அப்படித்தான் நிற்கிறது.

இந்தக் கலைக்குப் பெரிய போட்டியும் உண்டு. கோல்டன் டீமன் என்று 1987இல் தொடங்கியது, தலைசிறந்த பொம்மைக்கு முழு நீள வாள் ஒன்று பரிசு. அங்கே வெறும் மஞ்சள், பழுப்பு, வெள்ளை வர்ணங்களை வைத்தே தங்கக் கவசம் பளபளப்பதுபோலக் காட்டுகிறார்கள். திறமைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் அவற்றில் சில எனக்குப் பிடிப்பதில்லை. ஒரே கோணத்தில் பார்த்தால்தான் அந்தத் தங்கம் தங்கமாக இருக்கும், தலையை நகர்த்தினால் ஏமாற்று வெளியே வந்துவிடும்.

இனி ரயில். நாங்கள் இருக்கும் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். வெள்ளைக்காரர், மனைவி இறந்தபின் தனியாக வாழ்பவர். அவருடைய தோட்டத்துக் கொட்டிலில் முழுக்க ரயில்தான். மகனின் பூதங்களைப் பார்த்துவிட்டு எங்களை அழைத்துப்போய்க் காட்டினார்.

சாதாரண ரயில்பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர், பழைய கணக்கில் 4 அடி 8½ அங்குலம். இலங்கையிலும் இந்தியாவிலும் பிரதான பாதைகள் இதைவிட அகலம், 5 அடி 6 அங்குலம். நரோ கேஜ் என்பது இவற்றைவிடக் குறுகியது. குறுகிய பாதை கூர்மையாக வளையும், மலையை அதிகம் குடைய வேண்டாம், பாலம் சிறிதாக இருந்தால் போதும், செலவு குறைவு. பயணிகளுக்காகப் போட்டவை குறைவு. பெரும்பாலும் மலையிலிருந்து ஏதாவது ஒன்றைக் கீழே கொண்டுவரத்தான் போட்டார்கள்: கல், நிலக்கரி, கரும்பு, தேயிலை. வேல்ஸில் ஃபெஸ்டினியோக் பாதை 1836இல் திறக்கப்பட்டபோது இன்ஜினே கிடையாது. ஓட்டுப் பலகைக் கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு துறைமுகத்துக்குப் போகும். குதிரைகளும் ஒரு வண்டியில் ஏறி நின்றபடி கீழே வரும், காலி வண்டிகளை மேலே இழுத்துக்கொண்டு போகும். நீராவி இன்ஜின் வந்தது 1863இல். குதிரை ரயிலேறி வேலைக்குப் போன அந்தக் காலத்தை மாதிரியில் செய்தவர்கள் உண்டா என்று தபால்காரரிடம் கேட்டேன். "குதிரையை நடக்கவைக்க முடியாதே" என்றார்.

வேல்ஸிலேயே டால்லின் என்று இன்னொரு பாதை உண்டு, 1865இல் கல் சுமக்கப் போட்டது. சுரங்கம் மூடியபின் அதுவும் சாகவேண்டியதுதான். எல். டி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் 1950இல் கூடிப் பேசி, 1951இல் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். உலகத்தில் தன்னார்வலர்கள் காப்பாற்றி நடத்திய முதல் ரயில்பாதை அது. அங்கே கார்டாக வேலை செய்ய வந்த தன்னார்வலர்களில் வில்பர்ட் ஆட்ரி என்ற ஆங்கிலிக்கன் போதகரும் ஒருவர். உங்கள் பிள்ளைகள் பார்த்த 'தாமஸ்' இன்ஜினைப் படைத்தவர் அவர்தான். டால்லின் இன்ஜின்களை வைத்து 1955இல் தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். அவருடைய நண்பர் டெடி பொஸ்டன் லெஸ்டர்ஷயரில் ஒரு சிற்றூர் ஆலயத்தின் போதகர், குருமனைத் தோட்டத்திலேயே இரண்டடிப் பாதை போட்டு உண்மையான இன்ஜினை ஓட்டினார். போதகர்களுக்கும் ரயிலுக்கும் இந்த நாட்டில் ஏதோ ஒட்டுறவு இருக்கிறது. எங்கள் திருச்சபைக் கமிட்டி இதையெல்லாம் அனுமதித்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

இப்போது ஒரு சிறிய கணக்கு. பிரிட்டனில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று அளவு வைக்கிறார்கள். ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. அடியையும் மில்லிமீட்டரையும் ஒரே வாக்கியத்தில் கலக்க ஆங்கிலேயரால்தான் முடியும். இந்த அளவில் சாதாரணப் பாதை 18.83 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஆனால் கடையில் விற்கும் பாதை 16.5 மில்லிமீட்டர்தான். பிரிட்டிஷ் இன்ஜின்கள் உடல் சிறியவை, அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆகவே இன்ஜினின் உடலைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தத் தவறு இன்றுவரை இலட்சக்கணக்கான வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நரோ கேஜ்காரர்கள் அதைவிடச் சிறிய வேறொரு ரயில் வகைக்காகச் செய்த 9 மில்லிமீட்டர் பாதையையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் நான்கு மில்லிமீட்டர் அளவில் வண்டி கட்டினார்கள். இதற்கு ஓ-ஓ-நைன் என்று பெயர். டால்லின் பாதையின் அகலம் 2 அடி 3 அங்குலம். நான்கால் பெருக்கிப் பாருங்கள், சரியாக ஒன்பது வருகிறது. பெரிய ரயில்களின் மாதிரிகள் தவறான பாதையில் ஓட, இந்த ஏழைப் பாதை மட்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருக்கிறது. இதைச் சொல்லும்போது தபால்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வளைவும் சிறியது. ஒன்பது அங்குல ஆரத்தில் திரும்பிவிடும், ஆகவே ஒரு தேநீர் மேசையில் மலை, நிலையம், பாலம் எல்லாவற்றையும் அடக்கலாம். இடமில்லாத பிளாட் வீட்டில் வாழ்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது.

எடை மட்டும் அடங்காது. நீளம் 76இல் ஒரு பங்கானால், எடை 76ஐ மும்முறை பெருக்கிய கணக்கில் குறையும், அதாவது நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கூறுகளில் ஒன்று. பத்துத் தொன் இன்ஜினைச் சரியான விகிதத்தில் சுருக்கினால் ஏறத்தாழ 23 கிராம், ஒரு டபிள்-ஏ பேட்டரியின் எடை. அவ்வளவு இலேசான வண்டி தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்காது, மின்சாரம் விட்டுவிட்டு வரும், ரயில் வெட்டுக்கிளிபோலத் துள்ளும். ஆகவே கொதிகலனுக்குள் ஈயத்தை ஒளித்து வைக்கிறார்கள். மகனின் வீரனுக்குப் பொய் நிழல், பெரியவரின் இன்ஜினுக்குப் பொய் கனம். உண்மைபோலத் தெரிவதற்கு எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் இரண்டு வேலைகளுக்கும் பொது. கதை எழுதுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போன வருடம் அவர் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார். "உன் நாட்டு ரயில், வந்து பார்" என்று கூப்பிட்டார். இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைவரை ஒரு நரோ கேஜ் பாதை இருந்தது. 2 அடி 6 அங்குலம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலைக்காகப் போட்டு, 1940களில் மூடிவிட்டார்கள். எங்கள் அம்மாயி பிறந்து வளர்ந்தது கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ரயிலை அவர் கோச்சி என்றுதான் சொல்வார். நான் அந்தக் கோச்சியைப் பார்த்ததில்லை, கோச்சி ரோடு என்ற பெயரைத்தான் கேட்டிருக்கிறேன். அதை இங்கிலாந்தின் ஒரு கொட்டிலில், பழைய படங்களைப் பார்த்து, ஓர் ஆங்கிலேயர் கட்டிக்கொண்டிருந்தார். கணக்குப்படி பாதை பத்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அவர் போட்டது ஒன்பது. அந்த ஒரு மில்லிமீட்டருக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நிலையம் அழகாக இருந்தது. தகரக்கூரை, தண்ணீர்த் தொட்டி, இன்ஜினில் ஓட்டுநர். மேட்டில் துரையின் பங்களா, வாசலில் தொப்பியோடு துரை, பக்கத்தில் ஒரு நாய். மலை முழுவதும் நுரைப்பஞ்சில் செய்த தேயிலைச் செடிகள், வரிசை பிசகாமல் சுமார் ஆயிரத்து இருநூறு. அந்த மலையில் ஓர் ஆள் இல்லை.

"கொழுந்து யார் எடுக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சநேரம் தன் மலையையே பார்த்தார். ஆட்கள் கிடைக்கவில்லை என்றார். உண்மைதான். நான் தேடிய கடைகளிலும் இல்லை. போர்ட்டர், பாதிரியார், மீன் பிடிப்பவர், திருமண ஜோடி எல்லாம் இந்த அளவில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். முதுகில் கூடை கட்டிய பெண் ஒருத்தியும் இல்லை. என் மகனின் எலும்புக்கூட்டு வீரர்களை மாற்றிச் செய்யலாமா என்று பார்த்தோம். ஒத்துவரவில்லை. அவர்கள் 28 மில்லிமீட்டர் உயரம். தவிர, மேசையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று முகத்தையும் கையையும் ஆயுதத்தையும் வேண்டுமென்றே பருமனாக்கியிருப்பார்கள். ஐந்தடிப் பெண் நான்கு மில்லிமீட்டர் அளவில் 20 மில்லிமீட்டர்தான். பக்கத்தில் அந்த வீரனை நிறுத்தினால் தோட்டத்துக்குள் அரக்கன் புகுந்ததுபோல இருக்கும். கங்காணி அப்படித்தான் தெரிந்திருப்பான் என்று அம்மாயி சொல்லியிருப்பார், அது வேறு கதை.

ஆகவே நாங்களே செய்தோம். பூதங்களுக்குக் கை கால் மாற்றப் பயன்படுத்தும் கிரீன் ஸ்டஃப் என்ற இரட்டைப் பசை இருக்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும், சில மணிநேரத்தில் இறுகிவிடும். கருவியை ஈரமாக வைத்திருக்காவிட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். செம்புக்கம்பியில் எலும்பு, அதன்மேல் பசையில் உடம்பு. பசை நீரில் நனைத்த டிஷ்யூ தாளில் முக்காடு. கூடைக்கு, பல்குச்சியின் கூர்முனையில் தையல்நூலைச் சுற்றி ஒட்டி எடுத்தோம், எட்டு மில்லிமீட்டர். கொழுந்தெடுக்கும் செடி மூன்றடி உயரம், ஆகவே இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. இருபத்துமூன்று பெண்களைப் பாதிப் பாதியாகச் செய்து மலையில் நட்டோம். பாதை ஓரம் நடந்து வரும் மூன்று பேருக்கு மட்டும் முழு உடம்பு. இடுப்பில் படங்கு, வெறுங்கால்.

கூடைக்கயிறு எங்கே கிடக்கும் என்பதில் மகனுக்கும் எனக்கும் சச்சரவு. அம்மாவைத் தொலைபேசியில் கேட்டோம். "நெத்தியில இல்லடி, உச்சந்தலையில. முக்காட்டுத் துணியை மடிச்சு மெத்தை மாதிரி வச்சு அது மேல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எதுக்குக் கேக்குற?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மழை நாளில் கம்பளியை எப்படிக் கொங்காணியாகப் போடுவார்கள், மட்டக்கம்பை எங்கே வைப்பார்கள் என்று ஒரு மணிநேரம் பேசினார். அதையெல்லாம் அவர் அதற்குமுன் என்னிடம் சொன்னதில்லை.

வர்ணம் மகனின் பொறுப்பு. சுத்தக் கறுப்பும் சுத்தச் சிவப்பும் வேண்டாம் என்றான், தூரத்தில் இருக்கும் ஆளுக்கும் நமக்கும் இடையில் காற்று இருக்கிறது, நிறம் வெளுக்கும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துளி சாம்பல் கலந்தான். முக்காட்டு மடிப்பில் வாஷ் ஓட்டி, மேட்டில் வெளிர்நிறம் வைத்தான். வெளிச்சம் பங்களாப் பக்கமிருந்து வருவதாகப் பெரியவர் ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருந்தார். காலையில் பெரட்டு முடிந்து மலையேறும் நேரம் என்றால் வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்றேன். அவர் விளக்கை மாற்றிவிட்டார். பங்களாவின் முகப்பு இப்போது நிழலில் இருக்கிறது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், அவ்வளவு நுணுக்கமாகச் செய்த ஜன்னல்கள்.

கண்காட்சியில் வைத்தபோது பார்த்தவர்கள் முதலில் ரயிலைத்தான் பார்த்தார்கள். ரயில் குகைக்குள் போய்த் திரும்பி வர இருபது விநாடி ஆகும். அந்த இடைவெளியில் கண் மலைக்குப் போகும். இவர்கள் முதுகில் என்ன என்று கேட்பார்கள். பெரியவர் நின்று விளக்குவார்: எந்த நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள், எவ்வளவு எடுக்க வேண்டும், எங்கே குடியிருந்தார்கள். லயம் என்ற சொல்லை அவர் நன்றாகவே உச்சரிக்கிறார்.

அடுத்ததாகக் கொழுந்து நிறுக்கும் இடத்தைச் செய்ய வேண்டும். அம்மாவின் பட்டியலில் அதுதான் முதலாவது. மூன்று கால் கம்பில் தொங்கும் தராசு, பக்கத்தில் புத்தகத்தோடு கணக்கப்பிள்ளை, கூடையை இறக்கி வைத்துவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கும் பெண். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று எவ்வளவு கழிப்பார்கள் என்பதை அவள் அப்போதுதான் பார்த்துக்கொள்ள முடியும். தராசின் முகம் நான்கு மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். அதில் முள்ளை எப்படி வரைவது என்று மகன் தேடிக்கொண்டிருக்கிறான், தன் தலைமுடி ஒன்றை வெட்டி ஒட்டிப் பார்க்கிறேன் என்கிறான்.